மண் தடத்தில் வேலை வேண்டுமா? பெடலில் தொடங்குங்கள்

அமெரிக்காவின் மண் தடப் பந்தய அணிகளில் சேர ஆசைப்படும் இளைஞர்கள் எடுத்த எடுப்பில் எஞ்சினைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்த எஞ்சினைப் பெரும்பாலான அணிகள் தாங்களே கட்டுவதில்லை. எஞ்சின் கட்டுவதையே தொழிலாகக் கொண்ட பட்டறையிலிருந்து வாங்குகிறார்கள். கோளாறு வந்தால் அங்கேயே திருப்பி அனுப்புகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர் கைக்கு வருவதெல்லாம் சேறு கழுவும் குழாயும் கழற்றி மாட்ட வேண்டிய டயரும்தான். அங்கிருந்து ஒரு படி ஏறுவதற்கு நான் சொல்லக்கூடிய குறுக்கு வழி ஒன்று உண்டு. ஆக்சிலேட்டர் பெடலையும் எஞ்சினின் காற்றுக் கதவையும் இணைக்கும் கம்பி இருக்கிறதே, அதைக் கற்றுக்கொள்ளுங்கள். விலை குறைந்த சாமான். ஆனால் ஓட்டுநரின் காலுக்கும் அன்றைய தரைக்கும் ஏற்றபடி அதை மாற்றித் தரத் தெரிந்தவரை அணிக்காரர்கள் எளிதில் விடமாட்டார்கள்.

காலே கட்டுப்பாடு

ஸ்பிரின்ட் கார் என்று அவர்கள் சொல்லும் வண்டியை எடுத்துக்கொள்வோம். 410 கன அங்குல எஞ்சின், அதாவது சுமார் 6.7 லிட்டர். மெத்தனால் எரிபொருள். திறன் 900 குதிரைத்திறன் அளவில். ஓட்டுநரையும் சேர்த்து வண்டியின் எடை சுமார் 650 கிலோ. கிளட்ச் கிடையாது, ஸ்டார்ட்டர் கிடையாது. பின்னால் ஒரு டிரக் வந்து தள்ளித்தான் எஞ்சினை உயிர்ப்பிக்க வேண்டும். இவ்வளவு சக்தியும் களிமண் தரையில் பின்சக்கரங்கள் வழியாகப் போகிறது. சக்கரம் வழுக்குவதைத் தானே உணர்ந்து சக்தியைக் குறைக்கும் மின்னணுக் கட்டுப்பாடு நம் ஊர்ச் சாதாரணக் கார்களிலேயே வந்துவிட்டது. ‘வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸ்’ போன்ற பெரிய தொடர்களில் அதற்குத் தடை. மிச்சம் இருப்பது ஓட்டுநரின் வலது கால் மட்டுமே.

மண் தடத்தில் கார் ஸ்டியரிங்கால் திரும்புவதைவிட ஆக்சிலேட்டரால் திரும்புவது அதிகம். வளைவுக்குள் வண்டி வாலை வெளியே வீசிக்கொண்டு குறுக்காகவே போகும். கொஞ்சம் மிதித்தால் வால் இன்னும் விரியும், கொஞ்சம் விட்டால் உள்ளே வரும். ஒரு சுற்றில் பல தடவை இந்தக் ‘கொஞ்சம்’ நடக்கிறது. அந்தக் கொஞ்சம் எத்தனை மில்லிமீட்டர் என்பதைத் தீர்மானிப்பவர் பெடலை அமைத்துக் கொடுத்த மெக்கானிக்.

தரையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மாலையில் தண்ணீர் லாரி நனைத்துவிட்டுப் போனதும் களிமண் டயரைப் பிடித்து இழுக்கும். அப்போது ஓட்டுநர் தாராளமாக மிதிக்கலாம். பயிற்சிச் சுற்று, தகுதிச் சுற்று, ஹீட் எனும் முதற்கட்டப் பந்தயங்கள் என்று இரவு நகர நகர ஈரம் வற்றி, மேல்மண் பறந்து, அடித்தரை சிமெண்ட் தளம்போல் இறுகிப் பளபளக்கும். இறுதிப் பந்தயம் நடப்பது பெரும்பாலும் அந்த வழுக்குத் தரையில்தான். ஓஹையோவின் எல்டோரா அரை மைல் தடம், சரிவு அதிகம், வேகம் அதிகம். அயோவாவின் நாக்ஸ்வில்லும் அரை மைல்தான், ஆனால் அங்கே தரையின் குணம் வேறு. ஜனவரியில் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் கூரைக்கு அடியிலேயே நடக்கும் ‘சில்லி பௌல்’ தடமோ கால் மைல். வண்டிகளும் சிறிய மிட்ஜெட் ரகம். மூன்று இடத்துக்கும் ஒரே பெடல் அமைப்பைக் கொண்டுபோகிறவர் இரண்டு இடத்திலாவது ஓட்டுநரைத் தவிக்க விடுகிறார்.

காற்றுக் கதவின் குணம்

மோட்டார் பொருத்திய தையல் மெஷினில் முதல்முறை கால் வைத்தவர்களுக்குத் தெரியும்: தொட்டதும் துணி ஓடிவிடும். பந்தயக் கார் பெடலும் கவனிக்காமல் விட்டால் அப்படித்தான். காரணம் காற்றுக் கதவில் இருக்கிறது. பட்டர்ஃப்ளை என்று சொல்லும் வட்டத் தகடு அச்சில் சுழன்று காற்று வழியைத் திறக்கிறது. வெறும் வடிவக் கணிதப்படி பார்த்தால் அது ஆரம்பத்தில் மெதுவாகத்தான் திறக்கிறது. முழுக்க மூடிய நிலையிலிருந்து 30 டிகிரி சுழன்றால் வழியில் 13 சதவீதம் திறக்கும். பாதி திறக்க 60 டிகிரி வேண்டும். அப்படியானால் ஏன் தொட்டதும் பாய்கிறது? வளைவில் எஞ்சினின் சுழற்சி குறைவு. குறைந்த சுழற்சியில் அதற்குத் தேவையான காற்றும் குறைவு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பெரிய பட்டர்ஃப்ளை என்று எட்டு கதவுகள் இருக்கும்போது, சிறு இடுக்கு வழியாகவே அந்தக் காற்று வந்துவிடும். அதனால் பெடலின் முதல் கால்வாசிப் பயணத்திலேயே முறுக்குவிசையின் பெரும்பகுதி வந்து, பின்பாதிப் பயணம் வீணாகக் கிடக்கிறது. வளைவில் ஓட்டுநருக்குத் துல்லியம் வேண்டியது அந்த முதல் கால்வாசியில்தான்.

ஆகவே வேலை இதுதான்: முதல் பகுதியை நீட்ட வேண்டும், கடைசிப் பகுதியைச் சுருக்க வேண்டும், முழு மிதியில் கதவு முழுதாகத் திறந்தே ஆக வேண்டும்.

துளையும் கோணமும்

எளிய வழி துளை மாற்றுவது. மாற்றியமைக்கத்தக்க பெடல்களில் கம்பியை மாட்டுவதற்கு வரிசையாகத் துளைகள் இருக்கும். பெடலின் அச்சுக்குத் தொலைவான துளையில் மாட்டினால் கால் கொஞ்சம் நகர்ந்தாலே கம்பி நிறைய நகரும், பெடல் வேகமாகும். அச்சுக்குப் பக்கத்துத் துளை என்றால் நிதானமாகும். கதவுப் பக்கத்துக் கையில் இது தலைகீழ்: அச்சிலிருந்து விலகிய துளை நிதானம், நெருங்கிய துளை வேகம். புதியவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எதிர்த்திசையில் மாற்றுவது சகஜம். துளைகளுக்குப் பக்கத்தில் பெயிண்டால் எண் போட்டுவிடுங்கள்.

கணக்கு ஒன்று பார்ப்போம். அச்சிலிருந்து 100 மில்லிமீட்டரில் இருக்கும் துளையில் மாட்டியபோது, முழுத் திறப்புக்குப் பாதம் 9 சென்டிமீட்டர் நகர வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதை 75 மில்லிமீட்டர் துளைக்கு மாற்றினால் அதே திறப்புக்குப் பாதம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் நகர வேண்டும். மூன்று சென்டிமீட்டர் கூடுதல் நுட்பம் கிடைத்தது, நல்லது. ஆனால் சீட்டில் இறுகக் கட்டிவைத்த மனிதரின் கணுக்காலுக்கு அந்தப் பன்னிரண்டும் எட்டுமா? எட்டாவிட்டால் நேர்ப்பாதையில் எஞ்சின் முழுதாகத் திறக்காது. எல்லோரும் காரணம் தெரியாமல் எஞ்சின்காரரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். பெடலைச் சோதிப்பது எப்போதும் ஓட்டுநர் பந்தயக் காலணி போட்டு, பெல்ட் இறுக்கி, உட்கார்ந்திருக்கும்போதுதான். சீட்டை மாற்றினாலும், ஏன், காலணியை மாற்றினாலும் மறுபடி சோதியுங்கள்.

துளை மாற்றினால் முழுப் பயணமும் ஒரே விகிதத்தில்தான் நீளும். முதல் பகுதி மட்டும் நீள வேண்டும் என்றால் கோணத்தில் கை வைக்க வேண்டும். இங்கேதான் கைதேர்ந்தவர் யார் என்று தெரியும். பெடலுக்கும் கதவுக்கும் நடுவே பெல் கிராங்க் என்ற இரு கை நெம்புகோல் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். தள்ளுகிற கை, கம்பியின் நேர்க்கோட்டுக்குக் கிட்டத்தட்ட ஒட்டிய நிலையில் தொடங்கினால், முதலில் எவ்வளவு சுழன்றாலும் கம்பி கொஞ்சம்தான் நகரும்; போகப்போக வேகமெடுக்கும். கதவுப் பக்கத்துக் கை, கம்பிக்குச் செங்குத்தாகத் தொடங்கினால் அதுவும் முதலில் மெதுவாகச் சுழன்று பிறகு வேகமாகும். இரண்டையும் சேர்த்தால் தொடக்கத்தில் சாது, முடிவில் முரடு என்ற பெடல் கிடைக்கும். வழுக்குத் தரைக்கு ஓட்டுநர்கள் கேட்பது இதைத்தான்.

ஆனால் இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. முழுத் திறப்பில் கதவுப் பக்கத்துக் கையும் கம்பியும் ஒரே கோட்டில் வந்துவிடக் கூடாது. வந்தால் ஸ்பிரிங் இழுத்தும் திரும்பாமல் அப்படியே பூட்டிக்கொள்ளலாம். கோட்டைத் தாண்டிவிட்டால் நிச்சயம் பூட்டிக்கொள்ளும். முழு மிதியிலும் அந்தக் கோட்டுக்கு முன்பே கை நின்றுவிட வேண்டும், கண்ணுக்குத் தெரியும் அளவு இடைவெளி விட்டு. இதில் பேராசை கூடாது.

மெத்தனால் எஞ்சினில் இன்னொரு எச்சரிக்கை. ஹில்போர்ன், கின்ஸ்லர் வழிவந்த இயந்திர முறை எரிபொருள் அமைப்பில், பட்டர்ஃப்ளை அச்சோடு ‘பேரல் வால்வ்’ என்ற எரிபொருள் வால்வும் ஒரு குட்டிக் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். கதவு எவ்வளவு திறக்கிறதோ அதற்கேற்ற எரிபொருளை அதுதான் அளந்து விடுகிறது. பெடல் பக்கத்தில் என்ன வேண்டுமானாலும் மாற்றுங்கள். அந்தக் குட்டிக் கம்பியின் நீளத்தை மட்டும் மாற்றாதீர்கள். மாற்றினால் பாதி மிதியில் காற்றுக்கும் எரிபொருளுக்கும் உள்ள விகிதமே கெட்டு, எஞ்சின் திணறும். பெடலைச் சரிசெய்யப் போய் எஞ்சினைக் கெடுத்தவர் என்ற பெயர் சீக்கிரம் பரவும். மண் தட உலகம் சின்னது.

மண் தடத்தின் இன்னொரு ரகமான லேட் மாடல் கார்களில் ஹோலி வகைக் கார்புரேட்டர். அதில் முன் இரண்டு கதவுகளும் பின் இரண்டும் ஒன்றாகத் திறக்கும் இணைப்பும் உண்டு, முன்னவை முதலிலும் பின்னவை பிறகும் திறக்கும் இணைப்பும் உண்டு. இரண்டாவது வகை ஏற்கெனவே நிதானமானது. அதன்மேல் பெடலையும் நிதானமாக்கினால் ஓட்டுநர் மிதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டிவரும். எது மாட்டியிருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஓட்டுநர் சொல்வது, நீங்கள் கேட்க வேண்டியது

இந்த வேலையின் பாதி ஸ்பேனரில் இருக்கிறது, மறு பாதி காதில். ஹெல்மெட்டைக் கழற்றும்போது ஓட்டுநர் சொல்வது பெரும்பாலும் முழுமையான தகவல் அல்ல, கோபம். “ஓட்டவே முடியலப்பா” என்ற தொனியில் ஏதோ வரும். அதை வைத்துத் துளை மாற்றக் கூடாது. ‘எங்கே?’ என்று கேளுங்கள். வளைவுக்குள் நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா? நடுவில் காலை நிலையாக வைக்க முடியவில்லை என்றால் அது பெடல் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். வெளியேறும்போது மட்டும் சக்கரம் சுழல்கிறது என்றால் டயரோ, சஸ்பென்ஷனோ, கியர் விகிதமோ காரணமாக இருக்கலாம். நுழையும்போது காலை எடுத்தும் வண்டி தள்ளிக்கொண்டே போகிறது என்றால், வேறு எதையும் யோசிக்கும் முன் கதவு முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள்.

இரண்டு பந்தயங்களுக்கு நடுவே கிடைக்கும் நேரம் சொற்பம். அதற்குள் டயர், சேறு, எரிபொருள், சஸ்பென்ஷன் எல்லாம் பார்க்க வேண்டும். இந்த நெருக்கடியில் ஒரே நேரத்தில் நாலு மாற்றம் செய்தால், வண்டி நன்றாக ஓடினாலும் எதனால் ஓடியது என்று சொல்ல முடியாது. பெடலில் ஒரு மாற்றம் செய்தால் ஒன்றுதான். செய்வதைக் குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஓட்டுநர் உங்களிடம் நேரடியாகக் கேட்டாலும் அப்படித்தான். பெடல் மாறியது தெரியாமல் குழுத் தலைவர் ஷாக் அப்சார்பரை மாற்றிக்கொண்டிருந்தால் அன்றைய இரவே வீண்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தடம், எந்தச் சுற்று, தரை ஈரமா வறண்டதா, பெடலில் எந்தத் துளை, கதவில் எந்தத் துளை, ஓட்டுநர் சொன்ன வார்த்தை அப்படியே. அவர் சொன்னதை உங்கள் பொறியியல் மொழிக்கு மாற்றி எழுத வேண்டாம்; அவர் வாயில் வந்ததையே எழுதுங்கள். அடுத்த வருடம் அதே தடத்துக்குப் போகும்போது, எல்லோரும் ஊகித்துக்கொண்டிருக்க, நீங்கள் பக்கத்தைப் புரட்டுவீர்கள். பட்டம் இல்லாதவர்களும் இந்த உலகில் மேலே வருவது இப்படித்தான் என்பது என் கணிப்பு.

சிக்கிய த்ராட்டில்

2000ஆம் ஆண்டு மே மாதம் நியூ ஹாம்ப்ஷயர் தடத்தில் பயிற்சி ஓட்டத்தின்போது ஓட்டுநர் ஆடம் பெட்டி இறந்தார். ஜூலையில் அதே தடத்தில், அதுவும் பயிற்சியில், இன்னொரு ஓட்டுநர் கென்னி இர்வின் இறந்தார். அது தார்த் தடம், நாஸ்கார் வகைக் கார்கள். இரண்டு விபத்திலும் த்ராட்டில், அதாவது காற்றுக் கதவு, திறந்தபடியே சிக்கியிருக்கலாம் என்றே சந்தேகிக்கப்பட்டது. அதன்பின் எஞ்சினை அணைக்கும் ஸ்விட்சை ஸ்டியரிங் சக்கரத்திலேயே வைக்க வேண்டும் என்று நாஸ்கார் விதித்தது. மண் தடத்தில் ஆபத்து இதைவிடக் குறைவில்லை. சேறும் தூசியும் புகாத மூட்டு அங்கே கிடையாது.

ஆகவே எந்த மாற்றத்துக்குப் பிறகும் சில விஷயங்களைக் கேள்வியே இல்லாமல் செய்ய வேண்டும். ரிட்டர்ன் ஸ்பிரிங் இரண்டு. ஒன்றைக் கழற்றினாலும் மற்றது தனியாகக் கதவை மூட வேண்டும். கழற்றிப் பார்த்தே உறுதிசெய்யுங்கள். இரண்டையும் ஒரே துளையில் மாட்டினால் அந்தத் துளை கிழியும்போது இரண்டும் போய்விடும். பெடலுக்கு அடியில் திடமான தடுப்பு வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டுநர் முழு பலத்தோடு மிதிக்கும் விசை கார்புரேட்டர் அச்சில் இறங்கி அதை வளைக்கும். ஸ்பிரின்ட் கார் பெடலில் பாதத்தின் மேல் ஒரு பட்டை இருக்கும். ஸ்பிரிங் கைவிட்டாலும் காலைத் தூக்கிப் பெடலை இழுக்கலாம். அது தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். கம்பியின் முனை மூட்டுகளில் கிரீஸ் பூசுவது நல்லது செய்வதாக நினைத்துச் செய்யும் கெடுதல். கிரீஸ் தூசியைப் பிடித்து அரைக்கும் பசையாகிவிடும். துடைத்துச் சுத்தமாக வையுங்கள், ரப்பர் உறை போடுங்கள், ஆடினால் மாற்றுங்கள்.

கடைசியாக, எஞ்சின் அணைந்திருக்கும்போது ஒருவர் மிதிக்க மற்றொருவர் மேலிருந்து கதவைப் பார்க்க வேண்டும்: முழு மிதியில் தகடு நிமிர்ந்து நிற்கிறதா, காலை எடுத்ததும் ‘டப்’பென்று மூடுகிறதா. மெதுவாக மூடும் பெடலோடு வண்டியைத் தடத்துக்கு அனுப்பக் கூடாது. பந்தயம் தவறினாலும் பரவாயில்லை என்று சொல்லும் தைரியம் புதியவருக்கும் வேண்டும். அதற்காக உங்களை வேலையைவிட்டு அனுப்பும் அணியில் இருக்கத் தேவையில்லை.

உள்ளே நுழையும் வழி

உள்ளூர் அணிகளில் சம்பளம் எதிர்பார்க்காதீர்கள். சனிக்கிழமை இரவுப் பந்தயங்களில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவற்றைப் பார்த்துக்கொள்வது குடும்பத்தாரும் நண்பர்களும்தான். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடமும் இல்லை. ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு, அதனால் எல்லா வேலையும் கைக்கு வரும். சம்பளம் தருகிறவை ஊர் ஊராகச் சுற்றும் அணிகள். 1978இல் தொடங்கிய வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸ் ஸ்பிரின்ட் கார் தொடரில் வருடத்துக்குப் பல பத்து இரவுகள் பந்தயம் நடக்கிறது. பகலில் பயணம், மாலையில் பந்தயம், நள்ளிரவில் கழுவல். குடும்பத்தை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அங்கே கேட்கும் தகுதிகள் விசித்திரமாகத் தோன்றும். டிக் வெல்டிங் தெரியுமா என்பார்கள். அணியின் பெரிய டிரக்கை ஓட்ட வணிக ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா என்பார்கள். இருந்தால் உங்கள் மதிப்பு உடனே கூடும், பொறியியல் பட்டத்தைவிடவும்கூட. படிப்பு வழியாக வர நினைப்பவர்களுக்கு வட கரோலினாவின் மூர்ஸ்வில்லில் நாஸ்கார் டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. அது மெக்கானிக் பயிற்சி. சார்லட்டில் உள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பந்தயப் பொறியியல் படிக்கலாம். அமெரிக்காவில் படிக்கும் இந்திய மாணவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: மாணவர் விசாவில் இருக்கும்போது சம்பளத்துக்கு மட்டுமல்ல, ‘சும்மா உதவி’ என்ற பெயரில் செய்யும் வேலைக்கும் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

நம் ஊரில் மண் தட வட்டப் பந்தயம் இல்லை. ஆனால் பெடலைக் கற்றுக்கொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. கோவைக்கு அருகே கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு வருகிறார்கள். இத்தகைய மாணவர் போட்டிகளுக்கு மூலமான ஃபார்முலா எஸ்.ஏ.இ. விதிகள் பெட்ரோல் கார்களில் இரண்டு ரிட்டர்ன் ஸ்பிரிங்கையும் பெடல் தடுப்பையும் கட்டாயமாக்கியவை. அணியில் எல்லோரும் எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் அடித்துக்கொள்ளும்போது பெடல் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று துளை அமைப்பைச் செய்து, ஒவ்வொன்றிலும் ஓட்டி, குறிப்பெடுத்து வைத்தீர்களானால், நேர்காணலில் காட்ட உங்களிடம் வெறும் சான்றிதழுக்குப் பதில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். நல்ல குழுத் தலைவர் அதைத்தான் முதலில் வாங்கிப் புரட்டுவார்.

அவுட்லாஸ் தொடர் பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் வொலூசியா தடத்தில் சூடுபிடித்து, நவம்பரில் சார்லட் மண் தடத்தில் முடிகிறது. டிசம்பரில் பந்தயத் தொழில் துறையினர் இண்டியானாபொலிஸில் பி.ஆர்.ஐ. கண்காட்சிக்குக் கூடுகிறார்கள். சீசன் நடுவில் வேலை கேட்டு எழுதும் கடிதத்தைப் படிக்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. நவம்பர் கடைசியில் எழுதுங்கள்.